கல்கத்தா கேட்ட குரல்

கலைகளுள் இசையைப்போல் விரைந்து மறைவது பிறிதொன்றில்லை. சிற்பி செதுக்கிய உருவம் ஆயிரம் ஆண்டு நிற்கும். புலவன் இயற்றிய நூல் ஏட்டில் வாழும். பாடகர் ஒருவர் மாலை ஆறு மணிக்கு மேடையேறிப் பாடிய பாட்டோ, ஒன்பது மணிக்குள் காற்றோடு கலந்துவிடும். அதன்பின் அது தங்குவதற்கு உரிய இடம் கேட்டவர் நெஞ்சம் ஒன்றே.

இசைத்தட்டு இருக்கிறதே என்று நேயர்கள் வினவலாம். நாம் வாழும் இக்கொல்கத்தா நகரிலேதான், 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கௌஹர் ஜான் என்னும் புகழ்மிக்க பாடகியின் குரல் இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டது. இந்திய நாட்டில் வணிக நோக்குடன் முதன்முதலாகப் பதிவான குரல்களுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடிவிட்டு, இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறி முடிப்பது அவர் வழக்கம். அத்தட்டுக்கள் இன்றும் உள்ளன. ஆனால், அவர் இரவு முழுவதும் அமர்ந்து பாடிய அவைகள் எங்கே? அவற்றைக் கேட்டவர்கள் அனைவரும் மறைந்தனர்; அவர்களோடு அந்த அவைகளும் மறைந்தன. மூன்று நிமிடத் தட்டு நமக்கு எஞ்சியது.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, இதே நகரில் இன்னும் கேட்டவர்கள் உயிரோடு இருக்கையிலேயே நினைவுகூரத் தக்க ஒரு பாடகியைப் பற்றி இங்குச் சில சொல்ல விரும்புகிறோம். அவர் திருமதி உஷா உதுப். தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் புகழெய்தி, இந்நகரையே தம் ஊராகக் கொண்டவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக மேடையில் பாடிவருபவர்.

அவர் 1947-இல் பிறந்தவர். தந்தையார் வைத்தியநாத சோமேசுவர சாமி ஐயர் பம்பாய்க் காவல்துறையில் அதிகாரியாக இருந்தார். வீட்டில் கருநாடக இசையும், இந்துஸ்தானி இசையும், மேனாட்டு இசையும் வானொலி வாயிலாக ஒலித்தவண்ணம் இருந்தன. மூத்த சகோதரிகளும் பாடகியரே. ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோதே இலங்கை வானொலியின் நிகழ்ச்சி ஒன்றில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஆனால், பள்ளியிலோ கதை வேறு. அவருடைய குரல் தடித்த குரல் என்று கருதி, இசை வகுப்பிலிருந்து அவரை விலக்கிவிட்டனர். பின்னர் இசையாசிரியை இரக்கமுற்று, தட்டி ஒலியெழுப்பும் சிறு கருவிகளைக் கையிற் கொடுத்து உடனிருக்கச் செய்தாராம். இச்செய்தியை அவரே பல மேடைகளில் நகைச்சுவையோடு கூறியிருக்கிறார்.

ஒரு சிறுமியின் குரலை ஏன் இங்ஙனம் தள்ளினர்? இதற்கு இயற்கையும் வழக்கமும் ஆகிய இரண்டும் காரணம். நம் தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 200 முறையும், ஆண்களின் குரல்நாண்கள் 110 முதல் 130 முறையும் அதிர்கின்றன. நாண்கள் நீண்டு தடித்திருப்பின் அதிர்வு குறையும். குரல் கீழ்ச் சுருதியில் நிற்கும். பெண்களுள்ளும் சிலருக்கு இத்தகைய கனத்த குரல் இயல்பாகவே அமைவதுண்டு. மேனாட்டார் இதனைத் தனி வகையாகப் பெயரிட்டு மதித்தனர். நம் நாட்டிலும் முன்னாளில் இதற்கு இழிவு இருந்ததில்லை. நாடக மேடையில் ஒலிபெருக்கியின்றிப் பெருங்கூட்டத்தைக் கட்டிப்போட்ட கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் கணீரென்ற குரலைத் தமிழர் தலைமேற் கொண்டனர் அன்றோ!

நிலைமை மாறியது 1940-களின் இறுதியில் எனலாம். 1949-ஆம் ஆண்டு வெளியான இந்தித் திரைப்படங்கள் வாயிலாக லதா மங்கேஷ்கரின் மெல்லிய, உச்சத் தாயியில் உலவும் குரல் நாடெங்கும் பரவியது. அதன் இனிமையில் ஐயமில்லை. ஆனால், அவ்வினிமையே பெண் குரலுக்கு ஒரே அளவுகோல் என்று மக்கள் கொண்டபோது, அதற்கு முன் கோலோச்சிய கனத்த குரல்கள் ஒதுங்கின. பள்ளி வகுப்பறை வரையில் அவ்வளவுகோல் சென்றது. உஷா பயின்ற காலம் அக்காலமே.

1960-களின் இறுதியில், சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்க வளாகத்திலிருந்த 'நைன் ஜெம்ஸ்' என்னும் விடுதியில் அவர் முதன்முதலாக மேடையேறினார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டி இருக்கும். புடைவை உடுத்து, நெற்றியில் திலகமிட்டு, ஆங்கிலப் பாட்டைப் பாடினார். கேட்டோர் வியந்தனர், விடுதியார் மேலும் சில நாள் பாடுமாறு கேட்டுக்கொண்டனர். அவ்வளாகம் இன்று இல்லை. ஆயினும் அங்குத் தொடங்கிய பயணம் அவரை 1969-இல் கல்கத்தாவின் பார்க் தெருவுக்குக் கொண்டுவந்தது.

பார்க் தெருவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அந்நாளில் மேனாட்டு இசை நாள்தோறும் ஒலித்த தெரு அது. மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், டிரிங்காஸ் முதலிய உணவகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இசைக்குழு இருந்தது. இவற்றுள் டிரிங்காஸ், சுவிட்சர்லாந்து நாட்டவர் ஒருவர் நடத்திய தேநீர் நிலையமாக இருந்து, 1959-இல் ஜோஷுவா, பூரி என்னும் இருவர் கைக்கு மாறியது. அதன்பின் அங்கு இசை நிகழ்ச்சிகள் பெருகின. பாம் கிரெயின் போன்ற ஆங்கிலோ-இந்தியப் பாடகியர் மேனாட்டு உடையில் தோன்றிப் பாடிய தெரு அது. அங்குக் காஞ்சிபுரம் பட்டுப்புடைவையும், கைநிறைய வளையலும், தலையில் பூவுமாக ஒரு தமிழ்ப் பெண் வந்து ஒலிவாங்கியின் முன் நின்றபோது, அமர்ந்திருந்தோர் பக்திப் பாடல் வரப்போகிறதோ என்று எண்ணியிருப்பர். வந்ததோ மேனாட்டுப் பாட்டு. அதுவும் எவரும் எதிர்பாராத கனத்த குரலில்.

உணவகத்தில் பாடுவது எளிதென்று நினைப்பவர் உளர். சபைக் கச்சேரியில் கேட்போர் பாட்டுக்கென்றே வந்திருப்பர். தனி ஆவர்த்தனத்தின்போது சிலர் எழுந்து சிற்றுண்டிச் சாலையை நாடுவது தவிரப் பெரிதும் அமைதி காப்பர். உணவகத்திலோ மக்கள் உண்பதற்காக வந்தவர்கள். தட்டுக்களும் கரண்டிகளும் ஒலிக்கும். பணியாளர் குறுக்கும் நெடுக்கும் நடப்பர். பேச்சும் சிரிப்பும் ஓயா. அங்குப் பாடுபவர் அமைதியைக் கேட்டுப் பெற இயலாது. பாடியே பெறுதல் வேண்டும். ஓரிரவில் பலமுறை மேடையேற வேண்டும்; அவையின் மனம் எப்போது மாறுகிறது என்று கண்டு, அதற்கேற்ப அடுத்த பாட்டை அந்நொடியே தெரிந்தெடுக்க வேண்டும். இத்தகைய பயிற்சிக்கூடம் வேறில்லை. திருமதி உஷா பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் கூடிய திடல்களையும் ஒரு கைவீச்சால் தம் வயப்படுத்தியதற்கு வித்து அங்கு இடப்பட்டதே.

அந்த மாலைகளைக் கேட்டவர் சிலரை நாம் அறிவோம். லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் ஓய்வுபெற்ற தமிழன்பர் ஒருவர், அக்காலத்தில் அலுவலகத்தில் இளநிலை எழுத்தராக இருந்தவர், எம்மிடம் ஒருநாள் கூறினார்: "சம்பளம் வந்த முதல் வாரத்தில் நண்பர் நால்வர் சேர்ந்து போவோம். ஆளுக்கு ஒரு தேநீர் வாங்குவோம். அது ஆறிப் பனிக்கட்டி ஆனாலும் குடிக்கமாட்டோம். குடித்துவிட்டால் எழுந்திருக்க வேண்டுமே!" இதைச் சொல்லிவிட்டு அவர் நெடுநேரம் சிரித்தார். எந்தப் பாட்டுக் கேட்டீர்கள் என்று வினவினோம். பாட்டின் பெயர் அவருக்கு நினைவில்லை. பாடகி உடுத்திருந்த புடைவையின் நிறமும், தாம் அமர்ந்த மேசை தூணுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதும் நன்றாக நினைவிருந்தன.

அதே பகுதியில் வாழும் மூதாட்டி ஒருவரின் நினைவு வேறு வகையானது. அவர் அப்போது கல்லூரி மாணவி. பாடகியைக் கேட்க வேண்டும் என்னும் ஆவலை வீட்டில் சொன்னபோது, "நம்மாத்துப் பொண்ணு ஹோட்டல்ல பாடறதாவது! அதைக் கேக்கவும் ஒரு பொண்ணு போறதாவது!" என்று அன்னையார் கடிந்துகொண்டாராம். பல ஆண்டுகள் கழித்து, பூஜை நாட்களை ஒட்டிய பொது மேடை ஒன்றில் அன்னையும் மகளும் ஒருங்கே அக்குரலைக் கேட்டனர். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில் அன்னையார், "அந்தப் பட்டு காஞ்சிபுரந்தான், கரை பார்த்தியோ?" என்று மட்டும் கூறினாராம். அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை. ஆனால் அடுத்த ஆண்டும் தாமே மகளை அழைத்துச் சென்றார்.

அந்த அன்னையாரைக் குறை கூறுவதற்கில்லை. நல்ல குடும்பத்துப் பெண் பொது மேடையில் பாடலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருந்தது. டி. கே. பட்டம்மாள் அம்மையார் 1932-இல் சென்னையில் மேடைக் கச்சேரி செய்தபோதும் இத்தகைய முணுமுணுப்பு எழாமல் இல்லை. கருநாடக இசைக்கே அந்நிலை என்றால், உணவகத்து ஆங்கிலப் பாட்டுக்கு எத்துணை எதிர்ப்பு இருந்திருக்கும்!

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளவர் என்ற முறையில் நாம் இங்கு ஒன்றைக் குறிப்பிடல் தகும். அவர் பாடிய இடங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'நைட் கிளப்' என்பது. அதனைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் 'இரவுக் கேளிக்கை விடுதி' என்று எழுதிவிடுகின்றனர். இரவு, கேளிக்கை, விடுதி ஆகிய மூன்று சொற்களும் தனித்தனியே குற்றமற்றவை. ஒன்று சேர்ந்தவுடன் தீர்ப்பாகிவிடுகின்றன. பாட்டைக் கேட்பதற்கு முன்னரே பாடகிக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது. சொல் செய்யும் இவ்வநீதியைத் திருமதி உஷா தம் வாழ்வில் மற்றொரு முறையும் எதிர்கொள்ள நேர்ந்தது.

1980-களின் தொடக்கத்தில் வங்காளத்தில் 'அபசம்ஸ்கிருதி' என்னும் சொல் பெரிதும் வழங்கியது. இதனைப் 'பண்பாட்டுக் கேடு' என்று கொள்ளலாம். மாநில அமைச்சர் ஜதீன் சக்கரவர்த்தி, திருமதி உஷாவின் இசை இவ்வகையைச் சேர்ந்ததெனக் கருதி, அரசின் பொறுப்பிலுள்ள மண்டபங்களில் அவர் பாட இடமளிக்கலாகாது என்னும் நிலையை மேற்கொண்டார். அமைச்சரின் அச்சத்திலும் ஒரு பொருள் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. தாகூரின் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் வளர்ந்த மண்ணில், வணிகத்தின் ஆரவாரம் அவற்றை அமிழ்த்திவிடுமோ என்று கவலையுற்றோர் பலர். ஆயின், கவலை வேறு, தடை வேறு.

பாடகி அழுது ஓயவில்லை, ஊரைவிட்டுப் போகவுமில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்தது. இதன் உட்பொருளை எளிமையாக விளக்குவோம். நம் அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு, கருத்தை வெளியிடும் உரிமையையும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையையும் குடிமக்களுக்கு அளிக்கிறது. அவ்வுரிமைகளுக்கு வரம்பு உண்டு. ஆனால், அவ்வரம்பு சட்டத்தின் வழியே, நியாயமான அளவில் இடப்படுதல் வேண்டும். ஓர் அமைச்சருக்கு ஒரு பாட்டுப் பிடிக்கவில்லை என்பது சட்டம் ஆகாது. பொதுமக்கள் பணத்தால் எழுந்த மண்டபத்தின் கதவு, ஆள்வோரின் சுவைக்கேற்பத் திறந்து மூடுவதன்று. இவ்வழக்கு இன்றும் சட்ட நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. மேடையேறும் கலைஞர் எவராயினும், பாகவதரோ, கூத்தரோ, கிராமியப் பாடகரோ, அவர்கள் அனைவருக்கும் இதனால் பயனுண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திரையுலகிலும் அவர் குரல் ஒலித்தது. 1971-இல் வெளியான 'ஹரே ராம ஹரே கிருஷ்ணா' என்னும் இந்திப் படத்தில் அவர் பாடினார். தமிழில், ஏ. பி. நாகராஜன் இயக்கி 1975-இல் வெளிவந்த 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் தோன்றி ஆங்கிலப் பாட்டொன்றைப் பாடினார். 1990-இல் இளையராஜாவின் இசையில் 'அஞ்சலி' படத்துக்காக அவர் பாடியது அக்காலச் சிறுவர்களாகிய எம் போன்றோருக்கு மறக்கவொண்ணாதது. 2011-இல் வெளியான இந்திப் படப் பாடலொன்றுக்கு ரேகா பரத்வாஜுடன் இணைந்து ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். எனினும், திரைப்பாடல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவரை அளப்போர் அவரை அறியாதவரே. அவருடைய உண்மையான இல்லம் மேடை.

மேடையில் அவர் செய்வது யாது? முதலாவது, அவையோடு பேசுவார். இரண்டாவது, அவையின் மொழியில் பாடுவார். பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகளில் அவர் பாடியிருக்கிறார். ஆப்பிரிக்க மொழியாகிய சுவாகிலியில் பாடி நைரோபி மக்களையும் மகிழ்வித்திருக்கிறார். மூன்றாவது, கேட்போரைப் பாடகராக்குவார். எம் அலுவலகத்து வங்காள நண்பர் ஒருவர் இது பற்றிக் கூறியது நினைவிற்கு வருகிறது. அவருடைய தந்தையார் மிகவும் கூச்சமுள்ளவர். வீட்டு விழாவிலும் உரக்கச் சிரிக்காதவர். பாடகி முன்வரிசையை நோக்கிக் கைதட்டுமாறு பணித்தபோது, அவரும் தட்டத் தொடங்கினாராம். "என் தந்தை தாளம் போட்டு நான் கண்டது அந்த ஓர் இரவுதான்" என்றார் நண்பர். இத்தகைய ஒன்றை எந்த இசைத்தட்டிற் பதிவு செய்வது?

உடையைப் பற்றியும் கூறாதிருக்க இயலாது. காஞ்சிபுரம் பட்டும், பெரிய திலகமும் அவருக்கு அடையாளம். அத்திலகத்தில் வங்காள 'க' எழுத்தைப் பொறித்துக்கொள்வது அவர் வழக்கம். அது கொல்கத்தாவைக் குறிப்பது. தமிழ்நாட்டு நெசவாளியின் கைவண்ணமும், வங்காள எழுத்தும் ஒரே உருவில் அமைந்திருப்பதைக் காணும்போது, வேற்றூரில் வாழும் நம்மனோர்க்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. பிறந்த மொழியை விடாமலே வந்த ஊரைத் தம் ஊராக்கிக் கொள்ளலாம் என்று அது கூறுவது போலும். இந்நகரைப் பற்றி வங்காளமும் ஆங்கிலமும் கலந்து அவர் பாடிய பாட்டை வங்காளிகள் தம் பாட்டாகவே கொண்டாடுகின்றனர்.

1970-களில் பார்க் தெருவின் பொலிவு மெல்லக் குன்றியது. அரசியல் கொந்தளிப்பும், மின்வெட்டும், கேளிக்கை வரியும் சேர்ந்து இசைக்குழுக்களைக் கலைத்தன. கலைஞர் பலர் பம்பாய்க்கோ அயல்நாட்டிற்கோ பெயர்ந்தனர். திருமதி உஷா இங்கேயே தங்கினார். டிரிங்காஸில் சந்தித்த கேரளத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப் அவர்களை மணந்து, இந்நகரில் குடும்பம் நடத்தி, இசைப்பதிவுக் கூடமும் அமைத்தார். இந்திய அரசு அவருக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருதையும், 2024-இல் பத்மபூஷண் விருதையும் வழங்கிச் சிறப்பித்தது. அதே 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர்தம் கணவர் மறைந்தார். இன்பமும் துன்பமும் ஒரே ஆண்டில் வந்தன.

அவருடைய முதல் நாட்களைக் கேட்ட இளைஞர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டனர். தேநீரை ஆறவிட்டு அமர்ந்த அன்பர் சென்ற ஆண்டு காலமானார். தூணுக்கு எந்தப் பக்கம் மேசை இருந்தது என்று சொல்ல இனி அவர் இல்லை. அவர் சொன்னதை அன்றே குறித்துக்கொள்ளாத குறை எம்முடையது. வலப்பக்கம் என்றாரா, இடப்பக்கம் என்றாரா என்பது இப்போது எமக்கு உறுதியாகத் தெரியவில்லை. இது சிறு செய்திதான். ஆயினும், ஒரு நகரத்தின் இசை வரலாறு இத்தகைய சிறு செய்திகளாலேயே ஆனது. கௌஹர் ஜானின் அவைகளை இழந்தது போல் இவற்றையும் நாம் இழந்துவிடலாகாது.

ஆதலின் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து முதியோர் கேட்ட கச்சேரிகளைப் பற்றி அவர்களிடம் வினவுங்கள். எந்தப் பாடகராயினும் ஆகுக; சபையோ, கோயில் திருவிழாவோ, நாடகக் கொட்டகையோ, உணவகமோ, எந்த இடமாயினும் ஆகுக. எந்த ஊர், எந்த ஆண்டு, உடன் வாசித்தவர் யார், அருகில் அமர்ந்திருந்தவர் யார், எந்தப் பாட்டுக்கு அவை எழுந்து நின்றது என்று கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். பாட்டின் பெயர் அவர்களுக்கு நினைவில்லாவிடில் வருந்த வேண்டா. புடைவையின் நிறத்தையாவது எழுதிக்கொள்ளுங்கள்.